லட்சம் கிலோமீட்டர் கடந்த மோட்டார் சைக்கிள்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்டு, டாப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையிலான இடைவெளி) பார்க்கப்பட்டு, ஏர் ஃபில்டர் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிள், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு புதிதாக ஒரு தொல்லையைக் காட்டத் தொடங்கினால், பெரும்பாலானோர் முதலில் சந்தேகிப்பது எஞ்சினின் உட்புறத்தைத்தான். நல்ல பராமரிப்பில் இருந்த வண்டியில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தவறாகவே முடியும். ஆயிலில் மூழ்கி ஓடும் பாகங்கள் மெதுவாகத் தேய்கின்றன. ஆனால் ரப்பர் காய்ந்து வெடிப்பதும், வயர்களை இணைக்கும் கப்ளர்களில் பச்சை படிவதும், கிரீஸ் வறண்டு போவதும் ஓடிய தூரத்தோடு ஆண்டுகளையும் கணக்கில் கொண்டு நடக்கின்றன. எனவே வெளியிலிருந்து உள்ளே செல்வதும், அளந்து பார்க்காமல் எதையும் திறக்காமல் இருப்பதுமே பழைய வண்டிக்கு ஏற்ற முறை. காரணம் தெரியாமல் பிரிக்கப்பட்ட எஞ்சின், தேய்ந்து பொருந்திப்போன பாகங்களின் இடம் மாறி, முன்னைவிட மோசமாகத் திரும்பி வருவது பட்டறைகளில் அடிக்கடி காணும் காட்சி.

இதற்கு வண்டி நலமாக இருக்கும்போதே எடுத்து வைத்த அளவுகள் தேவை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது, லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது, எஞ்சின் சூடாக இருக்கும்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) எவ்வளவு, கடைசியாக டாப்பெட் இடைவெளி எவ்வளவு இருந்தது என்ற நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவருக்குக் கீழே சொல்லப்படும் சோதனைகளில் பாதி எளிதாகிவிடும். அளவு எங்கே இருக்கிறது என்பதைவிட அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதே அதிகம் சொல்லும்.

குளிர்ந்த எஞ்சின் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை

முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செல்ஃப் மோட்டார் சோர்வாகச் சுற்றுகிறதா, அல்லது நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லையா?

சோர்வாகச் சுற்றினால் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது. ஓய்வில் நல்ல அளவைக் காட்டிவிட்டு, செல்ஃப் அழுத்தியவுடன் 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி உள்ளுக்குள் தளர்ந்துவிட்டது. விழவில்லை என்றால் பேட்டரியை மாற்றுவது வீண் செலவு. அப்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உறைக்கும் இடையே மீட்டரை வைத்து, செல்ஃப் அழுத்தும் நேரத்தில் படியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளின் முனை துருப்பிடித்திருக்கிறது. அதைக் கழற்றி உலோகம் தெரியும்வரை தேய்த்து மீண்டும் இறுக்கினால் போதும். இதே சோதனையைப் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் இடையே செய்தால், ரிலேயின் உட்புறத் தொடுமுனைகள் கரிந்திருப்பது தெரியவரும்.

நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் வலுவாக இல்லை. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பழைய வண்டிகளில் பிளக்கைவிடப் பிளக் கேப் ஏமாற்றும். அதனுள் இருக்கும் மின்தடை பல மாடல்களில் 5 கிலோ ஓம் அளவில் இருக்க வேண்டியது, ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்ந்து, ஈரமான காலை வேளைகளில் தீப்பொறியைப் பலவீனமாக்கிவிடும். கேப் வயரிலிருந்து திருகிக் கழலக்கூடியது என்றால், அதைத் தனியே அளந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிரமம் தொடர்ந்தால் டாப்பெட் இடைவெளியை அளக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓசை எதுவும் இல்லாமல் அமைதியாக ஓடும் எஞ்சினில்தான் இடைவெளி அடைபட்டிருக்க அதிக வாய்ப்பு. வால்வு தன் இருக்கையில் மெல்ல மெல்ல உள்ளிறங்கும்போது இடைவெளி குறைந்துகொண்டே வரும். முழுவதும் அடைபட்டால் வால்வு சரியாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், எரியும் வாயு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பை அரித்துவிடும். பல சிறிய காற்றுக்குளிர்ச்சி எஞ்சின்களில் இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான் என்பதால், கண்ணுக்குத் தெரியாத தேய்மானமே அதை விழுங்கிவிடும். முழுவதும் குளிர்ந்த எஞ்சினில், பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவின் உச்சியில் நிறுத்தி, ஃபீலர் கேஜைச் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) செருகி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள்.

சூடேறியதும் நின்றுவிடுகிறது, ஆறியதும் ஓடுகிறது

இந்த அறிகுறிக்கு அவசரப்பட்டுக் கார்புரேட்டரைப் பிரிப்பவர்கள் அதிகம். நின்ற அந்த இடத்திலேயே மூன்று செயல்களைச் செய்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே காற்று இழுக்கப்படும் ஓசை கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து, கையோடு வைத்திருக்கும் மாற்றுப் பிளக்கைக் கேப்பில் செருகி, எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில் பிடித்துத் தீப்பொறி வருகிறதா என்று பாருங்கள். தீப்பொறி இல்லை, ஆனால் அரை மணி நேரம் ஆறிய பிறகு வருகிறது என்றால் பல்சர் காயில் (தீப்பொறிக்கான நேரத்தைச் சொல்லும் சுருள்) அல்லது இக்னிஷன் காயிலின் உட்சுற்று சூட்டில் விரிந்து துண்டாகிறது. ஆறிய நிலையில் மீட்டர் சரியான ஓமைக் காட்டும் என்பதால், நின்றவுடனேயே, சூடு தணிவதற்குள் அளக்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவிலிருந்து அப்போது மட்டும் விலகினால் குற்றவாளி அதுவே. தீப்பொறியும் பெட்ரோலும் இருந்து, கிக்கரை மிதிக்கும்போது வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் லேசாக இறங்கினால், மேலே சொன்ன அடைபட்ட டாப்பெட்தான் காரணம்: சூட்டில் வால்வின் தண்டு நீண்டு, இருந்த சிறு இடைவெளியும் மறைந்திருக்கிறது.

புகை, குறையும் ஆயில்

புகையின் நிறத்தைவிட அது வரும் நேரம் முக்கியம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அந்த ஆயில் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தே வேலையின் அளவு மாறுகிறது.

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்துப் புகை வந்து மறைந்தால், அல்லது நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்துவிட்டு மீண்டும் திறக்கும்போது புகைந்தால், வால்வு தண்டின் ஆயில் சீல்கள் இறுகிப்போயிருக்கின்றன. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் உருவாகும் வெற்றிடம், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் உள்ள ஆயிலை அந்த இறுகிய ரப்பரைத் தாண்டி உள்ளே இழுக்கிறது. இது வயதினால் வரும் குறை. ஹெட் வேலை மட்டுமே போதும், சிலிண்டர் பிளாக்கைத் தொட வேண்டியதில்லை. மாறாக, ஏற்றத்திலும் வேகமெடுக்கும்போதும் புகை தொடர்ந்து வந்து, ஏர் பாக்ஸுக்குள் செல்லும் பிரீதர் குழாயிலும் (எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் குழாய்) ஆயில் ஒழுகிக் கிடந்தால், பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன.

இந்த முடிவுக்கு வருமுன் ஓர் எளிய காரணத்தை விலக்கிவிடுங்கள். அளவுக்கு மேல் ஊற்றப்பட்ட ஆயிலும் இதே அறிகுறியைத் தரும். கூடுதல் ஆயிலை எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் அடித்துத் தெறிக்கவிட, அது பிரீதர் வழியாக ஏர் பாக்ஸுக்குப் போய்ச் சிலிண்டரில் எரிகிறது. வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளக்க வேண்டும். அளவுகோலைத் திருகி அளப்பதா, திருகாமல் வைத்து அளப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். இதில் தவறுவதால் மட்டுமே எத்தனையோ நல்ல எஞ்சின்கள் ‘ஆயில் குடிக்கும்’ எஞ்சின்களாகப் பெயர் வாங்கியிருக்கின்றன.

பிறகு கம்ப்ரஷன் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அதன் இடத்தில் கேஜைத் திருகி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்தபடி, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை சுற்றுங்கள். ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் காற்று உள்ளே வராமல் அளவு குறைவாகத்தான் காட்டும். கேம் ஷாஃப்டில் தானியங்கி டிகம்ப்ரஷன் (எளிதாக ஸ்டார்ட் ஆக அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) உள்ள எஞ்சின்களும் இயல்பாகவே குறைவாகக் காட்டும். அளவு குறைந்திருந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். கணிசமாக உயர்ந்தால் கசிவு ரிங்குகளின் வழியே நடக்கிறது. உயரவில்லை என்றால் வால்வுகள் அல்லது ஹெட் கேஸ்கெட். கம்ப்ரசரிலிருந்து காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தும் கசிவுச் சோதனை இன்னும் தெளிவானது: காற்று சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடியில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் மூடித் துளையில் சீறினால் ரிங்குகள், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதியைச் சொல்கிறது. ஏர் ஃபில்டரும் சோக்கும் சரியாக இருந்தும் கார்புரேட்டர் வண்டியில் நடுத்தர வேகத்தில் மட்டும் கறுத்தால், நீடில் ஜெட்டைப் (நீடில் ஏறி இறங்கும், பெட்ரோல் வரும் துளை) பாருங்கள். லட்சக்கணக்கான கிலோமீட்டர் அதிர்வில் நீடில் அந்தத் துளையை உரசி உரசி நீள்வட்டமாக்கியிருக்கும். ஐடிலிங் திருகை எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது. நீடிலையும் ஜெட்டையும் சேர்த்து மாற்றினால் மைலேஜ் திரும்புவதைக் கண்கூடாகக் காணலாம். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவி. நீர்க்குளிர்ச்சி எஞ்சினில் சூடான பின்பும் அது இனிப்பு வாடையோடு தொடர்ந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் மட்டும் கவலைப்பட வேண்டும்.

ஓசைகள்

ஓசையைத் தேடும்போது ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பது பழைய முறையானாலும் பயன் குறையாதது. சுழலும் பாகங்களிலிருந்து கையும் ஆடையும் விலகியிருக்கட்டும். எந்த இடத்தில் உரக்கக் கேட்கிறது, எந்த நிலையில் மாறுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓசைக்குப் பொருள் உண்டு.

ஹெட்டிலிருந்து வரும் சீரான ‘டிக் டிக்’ ஓசை டாப்பெட். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இவ்வோசை எஞ்சினின் மற்ற ஓசைகளைவிட மெதுவான தாளத்தில் வரும். அளந்து சரிசெய்த பிறகும் தொடர்ந்தால், எக்ஸாஸ்ட் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கேஸ்கெட் தளர்ந்து வாயு கசியும்போது எழும் ஓசை டாப்பெட்டைப் போலவே ஏமாற்றும். சுற்றிலும் கரி படிந்திருப்பது அதன் அடையாளம்.

சிலிண்டரின் ஒரு பக்கமாக, டைமிங் செயின் ஓடும் குழியிலிருந்து வரும் சலசலப்பு, ஆக்சிலேட்டரை விடும்போது கூடுமானால் செயின் தளர்ந்திருக்கிறது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர் உள்ள எஞ்சினில், ஸ்டார்ட் செய்த ஓரிரு நொடிகள் மட்டும் கேட்டு மறைந்தால் அதைக் கண்காணித்தால் போதும். நீடித்தால் டென்ஷனரைக் கழற்றி, அதன் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பல்வரை வந்துவிட்டிருந்தால் புதிய டென்ஷனர் போட்டுப் பயனில்லை, செயினே நீண்டுவிட்டது. நீண்ட செயின் கேமின் நேரத்தைப் பின்தள்ளுவதால் இழுவையும் குறைந்திருக்கும். செயினையும் அது உரசும் கைடுகளையும் ஒன்றாகவே மாற்றுங்கள். அறுந்தாலோ பல் தாவினாலோ பிஸ்டன் வால்வில் மோதக்கூடும் என்பதால், இந்த ஓசையைப் பொறுத்துக்கொண்டு நீண்ட பயணம் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நியூட்ரலில் ஐடிலிங்கில் கேட்கும் கடகடப்பு, கிளட்ச் லீவரை இழுத்தவுடன் நின்றுவிட்டால் அது கிராங்க் பேரிங் அல்ல. கிளட்ச் கூடையின் அதிர்வுதாங்கிகள் தளர்ந்திருக்கலாம், அல்லது கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். கிளட்ச்சை இழுத்தாலும் விட்டாலும் மாறாமல், எஞ்சின் வேகத்தோடு மட்டும் உயரும் ஆழ்ந்த உறுமல்தான் கிராங்கின் முதன்மைப் பேரிங்குகளைச் சுட்டும்.

குளிர்ந்திருக்கும்போது மந்தமாகத் தட்டி, சூடேறியதும் அடங்கும் ஓசை, பிஸ்டன் சிலிண்டருக்குள் சற்றே ஆடுவதால் வருவது. பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி குறைகிறது. ஆயில் செலவு கூடாதவரை இந்த ஓசையோடு வண்டி நெடுநாள் ஓடும். அதற்கு நேர்மாறாக, சூடேறிய எஞ்சினில், குறைந்த வேகத்தில் பாரம் ஏறும்போது அடிப்பகுதியிலிருந்து கனத்துத் தட்டும் ஓசை, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை. அதைக் கேட்ட இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை ஏற்றிச் செல்லுங்கள். அதற்குப் பிறகு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கிராங்கோடு சேர்த்து உறையையும் பலி கேட்கும்.

வடித்த ஆயில் சொல்லும் சேதி

ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும், வடித்ததை வெள்ளைத் துணியில் சிறிது ஊற்றி வெயிலில் பாருங்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பான தேய்மானம். நகத்தில் நிற்கும் அளவுக்குச் செதில்கள் இருந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. காந்தத்தில் ஒட்டாத பொன்னிற மினுமினுப்பு புஷ்களிலிருந்தும், வெள்ளி நிறத் துகள் அலுமினியப் பாகங்களிலிருந்தும் வரும். பால் கலந்ததுபோல் வெளுத்த ஆயில், காற்றுக்குளிர்ச்சி எஞ்சினில் பெரும்பாலும் குறுந்தூர ஓட்டத்தால் ஆவியாகாமல் தங்கிய நீர்தான். நீர்க்குளிர்ச்சி எஞ்சினில் வாட்டர் பம்ப்பின் சீலையும் ஹெட் கேஸ்கெட்டையும் சோதிக்க வேண்டும். பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து சொட்டுவது சீல் போய்விட்டதற்கான எச்சரிக்கை. ஒழுகலை நிறுத்துவதாக நினைத்து அந்தத் துளையை அடைப்பவர்கள் கூலன்ட்டை ஆயிலுக்குள் அனுப்புகிறார்கள்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறது

எஞ்சினை நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளில் பிடித்துப் பேட்டரி முனைகளில் அளந்தால் ஏறத்தாழ 13.5 முதல் 14.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அது பேட்டரியையும் பல்புகளையும் எரிக்கும். உயரவே இல்லை என்றால் ரெகுலேட்டரை வாங்குவதற்கு முன் அதன் கப்ளரைத் திறந்து பாருங்கள். பழுப்பேறி உருகிய பிளாஸ்டிக்கும் கறுத்த முனையும் பழைய வண்டிகளில் மிகவும் பொதுவானவை. கப்ளர் நன்றாக இருந்தால் ஸ்டேட்டரின் (எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்) வயர்களை அளக்க வேண்டும். மூன்று வயர் கொண்ட ஸ்டேட்டரில் எந்த இரண்டை எடுத்தாலும் ஓம் ஒரே அளவாக இருக்க வேண்டும். எந்த வயரிலிருந்தும் எஞ்சின் உறைக்குத் தொடர்பு இருக்கக் கூடாது.

சார்ஜ் சரியாக இருந்தும் சில நாள் நிறுத்தி வைத்தால் இறங்குகிறது என்றால், சாவியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் அளவில் இடையே இணையுங்கள். சில மில்லியாம்பியர் கடிகாரத்துக்கும் கணினிக்கும் போகும். பல பத்து மில்லியாம்பியர் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது குறைகிறது என்று பாருங்கள். பின்னாளில் பொருத்திய அலாரம், விளக்கு ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நலம். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் விளக்கு மங்கினாலோ எஞ்சின் தடுமாறினாலோ, ஸ்டீயரிங் கழுத்தருகே ஒயரிங் கட்டு வளையும் இடத்தில் உறைக்குள் கம்பி இற்றுப்போயிருக்கிறது. உறையைப் பார்த்துத் தெரியாது; விரலால் இழுத்துப் பார்த்தால் அந்த இடம் ரப்பர்போல நீளும்.

சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

டாப் கியரில் மிதமான வேகத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று திறக்கும்போது எஞ்சின் மட்டும் சீறினால் கிளட்ச் வழுக்குகிறது. லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெற்று அசைவு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லை என்றால் கேபிளே பிளேட்டுகளைப் பாதி பிரித்து வைத்திருக்கிறது. அடுத்து ஆயில். கிளட்ச் ஆயிலில் ஓடும் வண்டிக்கு ஜாஸோ (ஜப்பானிய ஆயில் தர அளவு) எம்ஏ அல்லது எம்ஏ2 தரம் வேண்டும். எம்பி தரமும், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கொண்ட கார் ஆயில்களும் நல்ல பிளேட்டுகளையே வழுக்கச் செய்யும். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் உறையைத் திறந்து, பிளேட்டின் தடிமன், ஸ்டீல் பிளேட்டின் தட்டைத்தன்மை, ஸ்பிரிங்கின் நீளம் ஆகிய மூன்றையும் அளந்து மாற்றுங்கள்.

நிற்கும்போது நியூட்ரல் விழாமல் முரண்டு பிடிப்பது இதற்கு எதிரான குறை. கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை. அதிக தூரம் ஓடிய வண்டியில், பிளேட்டுகளின் காதுகள் மோதி மோதிக் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கும். ஆழம் குறைவானால் அரத்தால் சமன்செய்யலாம். ஆழமாக இருந்தால் கூடையை மாற்றுவதே முறை. ஒரு குறிப்பிட்ட கியர் பாரத்தில் தானாகக் கழன்றால், வெளி லீவரின் தளர்வை விலக்கிய பிறகு, கியரின் பிடிப்பற்களும் ஃபோர்க்கும் தேய்ந்தனவென்று கொள்ளலாம்; இதற்கு எஞ்சின் உறையைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செயின் வெட்டி வெட்டி இழுக்கிறது

பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே செயினின் தளர்வைப் பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொங்கினால் செயின் சீரற்று நீண்டிருக்கிறது. 12.7 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த பின்களுக்கு இடையிலான தூரம்) கொண்ட செயினில் 20 கண்ணிகளின் நீளம் புதிதில் 254 மி.மீ.; அது 259 மி.மீ.-ஐ எட்டிவிட்டால் ஆயுள் முடிந்தது. செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். அதுவரை தளர்வைச் சரிசெய்யும்போது மிக இறுகிய இடத்தை அளவாகக் கொள்ளுங்கள். தொங்கும் இடத்தைப் பார்த்து இறுக்கினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டுப் பேரிங் அடிவாங்கும். புதுச் செயின் போட்டும் வெட்டல் தொடர்ந்தால் பின் ஹப்பின் உள்ளே இருக்கும் ரப்பர்கள் நசுங்கியிருக்கின்றன. ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தாலே தெரிந்துவிடும்.

நேராகப் போகவில்லை, ஆடுகிறது

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேர்க்கோட்டுக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தடுக்கினால் கோன் செட் (ஸ்டீயரிங் கழுத்தின் பேரிங்) மாற்றும் நிலைக்கு வந்துவிட்டது. பல ஆண்டுகள் நேராகவே ஓடும்போது குண்டுகள் ஒரே இடத்தில் அழுந்திக் குழியிடுகின்றன. இறுக்கினால் ஆட்டம் நிற்கும், தடுக்கல் அதிகரிக்கும். ஆகவே இறுக்குவது தீர்வல்ல. முன்பிரேக் பிடித்து வண்டியை முன்பின்னாக அசைக்கும்போது கழுத்தில் ‘டொக்’ என்று அடித்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் வீல் பேரிங்கும், ஒருவர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள மற்றவர் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் தெரியும். பின்னதைப் பட்டறைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. வளைவுகளில் வண்டியின் பின்பகுதி தனியே நெளிவதாகத் தோன்றினால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால், சீல் வாங்குவதற்கு முன் குரோம் குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருக்குழியில் நகம் தடுக்கினால் புதிய சீலும் விரைவிலேயே கிழியும். டயரில் கட்டை மிச்சம் இருந்தாலும் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். இறுகிய பழைய டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. ஆட்டத்துக்கு எந்தக் காரணமும் சிக்காவிட்டால், எஞ்சின் மவுன்டிங், ஸ்டாண்டு, ஸ்விங் ஆர்ம் ஆகியவை சட்டத்தோடு சேரும் வெல்டிங் இடங்களைத் துடைத்துப் பாருங்கள். பெயின்டின் மேல் மெல்லிய கோடாகத் துரு ஓடியிருந்தால் அங்கே விரிசல் இருக்கிறது, வண்டியை அந்நிலையில் ஓட்டக் கூடாது.

பிரேக்

லீவர் பஞ்சுபோல் இறங்கினால் பிரேக் ஆயிலில் காற்றோ ஈரமோ சேர்ந்திருக்கிறது. டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. ஆகவே ஓடிய தூரம் எதுவானாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தே இருந்தால் கேலிப்பரின் சறுக்குப் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் இடுங்கள். அதன் பிறகும் விடாவிட்டால் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கிறது. லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. மாற்றலாமா என்று யோசிக்கும்போது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் அளந்து பாருங்கள்.

மைலேஜ் மட்டும் குறைந்து வேறெந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் இங்கிருந்தே தொடங்க வேண்டும். உரசும் பிரேக்கும் காற்றுக் குறைந்த டயரும் பெட்ரோலை அதிகமாகத் தின்னும்.

எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும் என்றால்

மேற்கண்ட சோதனைகள் ரிங்குகளையோ பெரிய முனையையோ உறுதியாகச் சுட்டினால் தயங்க வேண்டாம். ஆனால் பிளாக்கை எடுத்தவுடன் புதிய பிஸ்டன் செட் மாட்டிவிடாமல், சிலிண்டரின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று மட்டங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில், போர் கேஜால் (உள்விட்டத்தை அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் விட்டம் 0.1 மி.மீ. கூடும்வரை ரிங்குகளை மட்டும் மாற்றினால் போதும். அதைத் தாண்டினால் 0.25 அல்லது 0.50 மி.மீ. மிகை அளவுப் பிஸ்டனுக்கு ஏற்பச் சிலிண்டரைக் கடைய வேண்டும். நிக்கல் பூச்சுள்ள சிலிண்டரைச் சாதாரண முறையில் கடைய முடியாது. மாற்றுவதோ மீண்டும் பூசுவதோதான் வழி. திறந்திருக்கும் நேரத்தில் கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேலும் கீழும் சிறிதளவு ஆட்டம் தெரிந்தாலும் கிராங்க் வேலையை இப்போதே முடிப்பது நல்லது, ஏனெனில் புதுப் பிஸ்டனின் முழுக் கம்ப்ரஷனை அந்தத் தேய்ந்த முனை நெடுநாள் தாங்காது. பிளாக் இல்லாத நேரம் முழுவதும் கிராங்க் உறையின் வாயைச் சுத்தமான துணியால் மூடியிருக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால், மூலைக்கு மூலை மாறி மாறி, இரண்டு மூன்று கட்டங்களாக இறுக்க வேண்டும். வேலை முடிந்த வண்டியை முதல் 500 கி.மீ. வரை ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமலும், அடி கியரில் வதைக்காமலும் பழக்கி, அதன் முடிவில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கேஸ்கெட் அமர்ந்ததால் மாறியிருக்கக்கூடிய டாப்பெட் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் மறுபடியும் அளந்து சரிசெய்யுங்கள்.